மெய்போலும் பொய்: கணினிக் காரோட்டப் பந்தயங்கள் பற்றிய ஓர் அறநோக்கு

பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியிலே குதிரையின் கடிவாளத்தை உதாரணமாகக் கொண்டு ஒரு வாதத்தை நிகழ்த்துகிறார். கடிவாளத்தை ஓவியன் வரைகின்றான். கொல்லனும் தோல்வினைஞனும் அதனைச் செய்கின்றனர். ஆயின் அது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை உள்ளபடி அறிந்தவன் குதிரையேறுபவன் ஒருவனே. பயன்படுத்துவோனிடம் அறிவு உண்டு. அவன் சொற்கேட்டுச் செய்வோனிடம் சரியான நம்பிக்கையேனும் உண்டு. போலச் செய்வோனிடம் இவை இரண்டுமே இல்லை. கலைஞரைத் தமது இலட்சிய நகரிலிருந்து வெளியேற்றுவதற்கு அவர் கூறிய நியாயங்களுள் இதுவும் ஒன்று.

இவ்வாதத்தை ஓவியத்துக்கும் கவிதைக்கும் எதிராக எழுந்ததெனக் கொண்டு மறுத்தோர் அரிஸ்டோட்டில் முதல் இன்றுவரை பலர். எனினும், போலச்செய்தலின் ஒரு புதுவகை கடந்த சில தசாப்தங்களில் தோன்றியுள்ளது. இங்கே கடிவாளத்தின் படம் கண்முன் வைக்கப்படுவதில்லை. கடிவாளத்தின் போலியே கையிற் கொடுக்கப்படுகின்றது. பார்வையாளனே குதிரையேறுபவனாகின்றான், குதிரை மட்டும் இல்லை. கணினியில் ஆடப்படும் காரோட்டப் பந்தய ஆட்டங்களைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடாமல் மெய்யியல் நோக்கில் ஆராய்வதற்கு இதுவே போதிய காரணமாகும்.

இவ்வாட்டங்கள் இரு பெரும் மரபுகளாகப் பிரிந்துள்ளமையை ஆடுவோர் யாவரும் அறிவர். ஒன்று, நாணயம் இட்டு ஆடும் பொறிகள் நிறைந்த கூடங்களிலே பிறந்த ‘ஆர்க்கேட்’ மரபு. 1982 இல் நம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘போல் பொசிஷன்’, 1986 இல் சேகா நிறுவனத்துக்காக யூ சுசுக்கி உருவாக்கிய ‘அவுட் றன்’ ஆகியன இதன் தொடக்ககால வெற்றிகள்; வீட்டுக் கணினிகளுக்கும் இவை பின்னர் பெயர்க்கப்பட்டன. மற்றையது ‘சிமியுலேற்றர்’ எனப்படும் மரபு. ஜெஃப் கிறமண்ட் 1980களின் நடுப்பகுதியில் பி.பி.சி. மைக்ரோ கணினிக்கு ஆக்கிய ‘றெவ்ஸ்’, பபைறஸ் நிறுவனத்தின் ‘இண்டியானாபொலிஸ் 500’ (1989), அதே நிறுவனத்தின் ‘கிராண்ட் பிறீ லெஜெண்ட்ஸ்’ (1998), 2008 முதல் இயங்கிவரும் ‘ஐறேசிங்’ என இதன் வளர்ச்சி கணினியோடு பிணைந்தே நடந்துள்ளது.

இரண்டுக்குமுள்ள வேறுபாடு படத்தின் தெளிவிலோ ஒலியின் செம்மையிலோ இல்லை. அது ரயரில் உள்ளது. ஓடும் காரின் சில்லு தான் நோக்கும் திசையிலே அப்படியே செல்வதில்லை. திரும்பும்போது நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் விழுகின்றது. அக்கோணம் பெருகுந்தோறும் ரயரின் பிடியும் ஓர் எல்லைவரை பெருகும்; எல்லையைத் தாண்டியதும் குறையும். நல்ல சாரதி அவ்வெல்லையின் விளிம்பிலேயே வாழ்பவன். பிறேக்கை அழுத்தினால் காரின் பாரம் முன்சில்லுகளுக்குச் செல்ல, பின்சில்லுகள் இலேசாகின்றன. வளைவின் நடுவே அச்சங்கொண்டு காலை எடுத்தாலும் இதுவே நிகழ்கின்றது. பின்பகுதி வழுக்கிச் சுழலத் தொடங்குகின்றது. அச்சத்தின் இயல்பான செயலே அழிவுக்குக் காரணமாவது காரோட்டத்தின் கொடிய விதிகளுள் ஒன்று. சிமியுலேற்றர் இவ்விதிகளைக் கணிதமாக்கி, ஒரு செக்கனுக்குப் பல நூறு முறை கணக்கிட்டு, விளைவைச் சுக்கானிற் பொருத்திய மோட்டார் வழியே ஆடுவோன் கைக்கு உணர்த்துகின்றது. ஆர்க்கேட் ஆட்டமோ இக்கணக்கைத் தன் வசதிக்கேற்ப வளைத்துக்கொள்கின்றது. அங்கே வழுக்குதல் தவறன்று, அழகு. ஒரு விசையைத் தட்டினால் கார் பக்கவாட்டிற் சரிந்து வளைவைக் கடக்கும். வேகமோ பெரிதும் குறையாது.

இதிலிருந்து ஒரு தரவரிசை எளிதாகப் பிறந்துவிடுகின்றது. சிமியுலேற்றர் உண்மையானது, ஆகவே உயர்ந்தது, முதிர்ந்தோருக்கு உரியது. ஆர்க்கேட் பொய்யானது, ஆகவே தாழ்ந்தது, சிறுவருக்கு உரியது என்பர். சிமியுலேற்றர் ஆடுவோரிடையே இக்கருத்து ஏறக்குறைய ஒரு சமயப்பற்றாகவே வேரூன்றியுள்ளது. அதனை ஏற்பதற்கு முன், ‘உண்மையானது’ என்ற சொல் இங்கு எதனைச் சுட்டுகின்றது என வினவுதல் வேண்டும்.

‘கிராண்ட் பிறீ லெஜெண்ட்ஸ்’ இவ்வகையிற் சிறந்த சோதனைக்களம். டேவிட் கேமர் தலைமையில் உருவான அவ்வாட்டம் 1967 ஆம் ஆண்டின் போர்மியூலா வண் பருவத்தைத் தன் பொருளாகக் கொண்டது. மூன்று லீற்றர் எஞ்சின்கள் அறிமுகமாகி ஓராண்டே ஆகியிருந்தது. காரை நிலத்தோடு அழுத்தும் இறக்கைகள் இன்னும் வந்திருக்கவில்லை. ஆற்றல் மிகுதி, பிடியோ குறைவு. ஏறத்தாழ 22.8 கிலோமீற்றர் நீளமான பழைய நியூர்பேர்க்றிங் பாதையும், பொதுச்சாலைகளாலான பழைய ஸ்பா பாதையும் அதில் இடம்பெற்றன. ஆட்டத்தை வாங்கியோரிற் பலர் முதல் வளைவையே கடக்கமுடியாது தவித்தனர். விற்பனை பெரிதாக அமையவில்லை. ஆயினும் அதன் பெயர் இன்றுவரை மரியாதையோடு சொல்லப்படுகின்றது. சுவையான முரண் ஒன்று: உரிமம் பெறும் சிக்கல்களால் இவ்வாட்டத்திலே ஹொண்டா கார் ‘முரசமா’ என்றும் கூப்பர் கார் ‘கொவென்றி’ என்றும் பெயர்மாற்றப்பட்டிருந்தன. ரயரின் நடத்தையில் அணுவளவும் பொய் சொல்ல மறுத்த ஆட்டம் காரின் பெயரிலே பொய் சொல்ல நேர்ந்தது. எதிற் பொய் கூறலாம், எதிற் கூறலாகாது என்பதை ஒவ்வொரு போலியும் தானே தெரிவுசெய்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மேலும், சிமியுலேற்றரின் உண்மை உடலின் வாயிலில் நின்றுவிடுகின்றது. உண்மையான சாரதி காரின் சரிவைக் கண்ணால் அறிவதற்கு முன்பே இருக்கையோடு அழுந்திய தன் உடலால் அறிகிறான். வீட்டிலே மேசையின் முன் அமர்ந்திருப்பவனுக்கு அவ்வுணர்வு இல்லை. அதனை ஈடுசெய்ய ரயரின் கிறீச்சொலியும் சுக்கானின் அதிர்வும் அவன் நம்பவேண்டிய குறிகளாகின்றன. அவை குறிகளே, அனுபவமல்ல. இதற்கு மாறாக, பொய்யானது எனப்பட்ட ‘அவுட் றன்’ ஆட்டத்தின் பெரிய பொறி, கூடங்களிலே ஆடுவோனை ஏற்றிக்கொண்டு தானே சரிந்து அசைந்தது. எது உடலுக்கு நேர்மையாக நடந்துகொண்டது என்ற வினாவுக்கு விடை அவ்வளவு எளிதன்று.

தொல்காப்பியர் அகப்பொருளைக் கூறுமிடத்து நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சுட்டி, இரண்டும் பொருந்தி அமைவதே புலவர் நெறி எனக் கொண்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. உலகில் நடப்பதை நடந்தபடியே கூறுவதும், சுவைபட வேண்டியவற்றைத் தேர்ந்து புனைவதும் அவர் கருத்தில் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. இலக்கியத்திற் சொல்லப்பட்டதை ஆட்டத்துக்கு அப்படியே பொருத்துதல் மிகையாகலாம். எனினும் சிமியுலேற்றர் முழுவதும் உலகியல், ஆர்க்கேட் முழுவதும் நாடகம் என்ற பாகுபாடு தவறென்பதை உணர இக்கருத்து உதவும். ‘அவுட் றன்’ எதனைப் போலச் செய்தது? காரை அன்று. திறந்த காரிலே, அருகில் ஒருத்தி இருக்க, விருப்பமான இசையைத் தெரிந்து ஒலிக்கவிட்டு, கடற்கரைச் சாலையொன்றில் விரையவேண்டும் என்ற ஆசையை அது போலச் செய்தது. கிளைபிரியும் பாதைகளுள் எதனைத் தேர்ந்தாலும் குற்றமில்லை. ஆசையும் உலகில் உள்ள பொருள்களுள் ஒன்றே. அதனைச் செம்மையாகப் போலச் செய்தது ஆர்க்கேட் மரபு என்றால் அம்மரபுக்குரிய நியாயம் கிடைத்துவிடுகின்றது.

கடினமானதே மேலானது என்ற வாதமும் இவ்வாறே ஆராயத்தக்கது. பேர்னாட் சூட்ஸ் என்ற மெய்யியலாளர் 1978 இல் வெளிவந்த ‘வெட்டுக்கிளி’ என்னும் தம் நூலிலே, தேவையற்ற தடைகளைத் தாமாக விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே ஆட்டம் என வரையறுத்தார். இவ்வரையறைப்படி ரயரின் இயக்கவியலும் ஒரு தடை. எதிர்வரும் லொறிகளுக்கிடையே புகுந்து செல்வதும் ஒரு தடை. முதலாவது இயற்கையிடமிருந்து கடன் வாங்கப்பட்டது என்பதாலேயே அதற்கு அறச்சிறப்பு எதுவும் வந்துவிடாது. சதுரங்கத்தின் குதிரை உண்மைக் குதிரையைப்போல ஓடுவதில்லை என்று யாரும் குறைகூறுவதில்லை.

ஆயினும் ஆர்க்கேட் மரபின்மீது ஒரு குற்றச்சாட்டை வைத்தே ஆகவேண்டும். அது, ஏற்கெனவே கூறப்பட்டதினின்றும் வேறானது. இம்மரபின் ஆட்டங்கள் பலவற்றிலே, ஆடுவோன் முந்தினால் எதிரிகளின் கார்கள் திடீரென வேகம் பெறுகின்றன. அவன் பிந்தினால் அவை இரக்கங்கொண்டு தளர்கின்றன. எல்லோரும் ஒரு நாடாவாற் கட்டப்பட்டதுபோல இறுதிச் சுற்றுவரை பந்தயம் இறுக்கமாக நிகழ்கின்றது. வென்றவன் தன் திறமையால் வென்றதாக மகிழ்கின்றான். அவனுக்கு அளிக்கப்பட்டதோ வெற்றியின் தோற்றமே. விசையைத் தட்டினால் கார் சரியும் என்ற பொய் வெளிப்படையானது. ஆடுவோன் அதனை அறிந்தே ஏற்கின்றான். எதிரியின் தளர்வு மறைவான பொய். அறிந்தால் அவன் ஏற்கமாட்டான். முன்னையது புனைவு, பின்னையது ஏமாற்று. கீழே விழுந்த குழந்தை எழுவதற்காகத் தந்தை மெதுவாக ஓடுவது அன்பே என்று சிலர் இதற்கு மறுமொழி கூறலாம். குழந்தைக்கு அது பொருந்தும். வளர்ந்தவர்களையும் அவ்வாறே நடத்துவது அன்பா அவமதிப்பா என்பது வேறு வினா. ‘கிராண்ட் பிறீ லெஜெண்ட்ஸ்’ முதல் வளைவிலேயே புல்வெளிக்கு எறிந்துவிட்ட ஆடுவோன் தோற்றது உண்மை. ஆறு கிழமைகளின் பின் அவன் ஒரு சுற்றைத் தவறின்றி முடித்தானாயின் அதுவும் உண்மை.

இனி, இருவகை ஆட்டங்களும் ஒருங்கே விலக்கும் ஒன்றினைக் கருதவேண்டும். அது மரணம்.

1967 ஆம் ஆண்டின் பருவம் ஆட்டத்துக்கு உகந்ததாக அமைந்ததற்குக் காரணமான அதே நிலைமைகள் மனிதரைக் கொன்றன. அவ்வாண்டு மே மாதம் மொனாக்கோவிலே லொறென்சோ பண்டினியின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. மூன்று நாள்களின் பின் அவர் இறந்தார். அக்காலத்தின் தலைசிறந்த சாரதியாகக் கருதப்பட்ட ஜிம் கிளார்க் 1968 ஏப்பிரலிலே ஹொக்கன்ஹைமில் மாண்டார். சிமியுலேற்றர் அவர்கள் ஓட்டிய காரின் ஒவ்வொரு குணத்தையும் மீட்டுத் தருகின்றது. அக்குணங்களின் விலையை மட்டும் கழித்துவிடுகின்றது. மரத்தில் மோதியவன் ஒரு விசையை அழுத்துகின்றான். கார் மறுபடியும் பாதையில் நிற்கின்றது. அருவருப்பான பிராணிகளையும் பிணங்களையும் நேரிற் காண்கையில் வருந்தும் மனிதர், அவற்றின் செம்மையான சாயலைக் காண்கையில் மகிழ்கின்றனர் என்றும், அம்மகிழ்ச்சிக்கு அறிதலின்பமே காரணம் என்றும் அரிஸ்டோட்டில் கூறியது இங்கு ஓரளவு பொருந்தும். 1967 இன் காரை ஓட்டிப் பார்த்தவன் அக்காலச் சாரதிகள் எத்தகையோர் என்பதைப் புத்தகம் படித்தவனிலும் நன்கு அறிவான். அவர்கள் அஞ்சியது எதனை என்பதை மட்டும் அறியான்.

ஆர்க்கேட் மரபு இவ்விடத்திலே விசித்திரமான நேர்மையுடையது. ‘அவுட் றன்’ ஆட்டத்திலே கார் குட்டிக்கரணம் போட, உள்ளிருந்த இருவரும் சாலையில் எறியப்பட்டு, மறுகணம் ஒன்றும் நேராதவர்போல அமர்ந்து செல்வர். கேலிச்சித்திரத்தின் உடல்கள் அவை. 2009 இல் கணினிக்கு வந்த ‘பேர்ண்அவுட் பரடைஸ்’ ஆட்டத்தில் மோதல் தண்டனையாக அன்றிப் பரிசாகவே காட்டப்படுகின்றது. உலோகம் நசுங்கிக் கண்ணாடி சிதறுவது மெதுவாக, வியந்து நோக்கும்படி நிகழ்கின்றது. ஆனால் அக்கார்களுள் எவரும் இல்லை. சாரதி இருக்கை வெறுமையானது. அந்நகரம் மனிதரற்ற நகரம். அழிவின் களிப்பைத் தரவிரும்பியவர்கள் மனிதவுடலை முதலில் அகற்றிவிட்டனர் என்பது, அவர்கள் செய்வதன் தன்மையை அவர்களே உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டுகின்றது எனலாம்.

மரணம் விலக்கப்பட்ட இடத்தில் மனிதர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதற்கு 2020 ஆம் ஆண்டு எதிர்பாராத சான்றுகளைத் தந்தது. தொற்றுநோயால் உண்மைப் பந்தயங்கள் நின்றுபோக, உலகப் புகழ்பெற்ற சாரதிகள் தத்தம் வீடுகளிலிருந்து சிமியுலேற்றரிலே போட்டியிட்டனர். மே மாதத் தொடக்கத்தில் நடைபெற்ற இண்டிகார் தொடரின் இறுதிப் போட்டியில், 2019 இன் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை உண்மையாகவே வென்றவரான சிமோன் பஜெனோ, முன்னணியில் இருந்த லண்டோ நொறிஸை வேண்டுமென்றே வழிமறிக்க, நொறிஸ் மோதி வெற்றிவாய்ப்பை இழந்தார். வேகத்தைக் குறைக்கவே எண்ணியதாகப் பஜெனோ பின்னர் விளக்கினார். மணிக்கு 350 கிலோமீற்றர் வேகத்தில், உண்மையான சுவரின் அருகே, அவர் இதனைக் கனவிலும் செய்திரார் என்பதில் ஐயமில்லை. அதே மாதப் பிற்பகுதியில், போர்மியூலா ஈ தொடரின் வீட்டுப் போட்டியொன்றில் டானியல் அப்ற் தமக்குப் பதிலாகச் சிமியுலேற்றரில் வல்ல வேறொருவரை ஓட்டச் செய்தார். கேளிக்கையாகவே அதனைக் கருதியதாக அவர் கூறினார். போட்டி அமைப்பாளர் 10,000 யூரோவைத் தருமத்துக்கு வழங்குமாறு பணித்தனர். ஆவ்டி நிறுவனம் அவரை அணியிலிருந்து நீக்கியது.

ஜொஹான் ஹ்யூசிங்கா 1938 இல் வெளியிட்ட ‘ஹொமோ லூடென்ஸ்’ நூலிலே, ஆட்டத்தில் ஏமாற்றுவோனையும் ஆட்டத்தையே குலைப்போனையும் வேறுபடுத்துகிறார். ஏமாற்றுவோன் விதிகளை மதிப்பதாகப் பாவனையாவது செய்கின்றான். குலைப்போன் அவ்வுலகையே உடைக்கின்றான். ஆகவே சமூகம் முன்னவனை எளிதில் மன்னிக்கும் என்பது அவர் கருத்து. 2020 இல் நிகழ்ந்தது இதற்கு மாறானது. வேலை இழந்தவர் ஏமாற்றியவரே. மற்றவர் அவ்வாண்டு யூலையில் அயோவாவில் உண்மைப் பந்தயம் ஒன்றை வென்றார். இதற்கு விளம்பர நலன்களும் ஒப்பந்தங்களும் காரணமாகலாம். ஆயினும் ஆழ்ந்து நோக்கின், அப்றின் செயலில் ‘யார் ஓட்டினார்’ என்ற ஒரு வினா எஞ்சியது. அவ்வினாவுக்கான விடை ஆட்டத்துக்கு வெளியிலும் பொய்யாகவே இருந்தது. பஜெனோ மோதியதோ இல்லாத காரின்மீது. எனினும் அக்காரின் பின்னே அமர்ந்திருந்த இளைஞர் மெய்யானவர். அவர் செலவிட்ட பயிற்சியும் மெய்யானது. உடல் ஆபத்து இல்லாததால் தீங்கே இல்லை என்று கொள்வது பெரும் பிழையாகும்.

இப்பிழையை உணர்ந்தே ‘ஐறேசிங்’ மரணத்துக்குப் பதிலாக ஒரு கணக்கேட்டை நிறுவியுள்ளது. அதிற் பங்குபெறுவோர் புதியவர் நிலையில் தொடங்கி டி, சி, பி, ஏ என உயரும் அனுமதிப்பத்திரங்களைப் பெறுகின்றனர். மோதினால், பாதையை விட்டு விலகினால், சுழன்றால் புள்ளிகள் ஏறும். பாதுகாப்பு மதிப்பு இறங்கும். இருவர் மோதினால் தவறு யாருடையது என அக்கணக்கு கேட்பதில்லை. இருவர் மீதும் புள்ளி ஏறும். ஆடுவோர் பலர் இதனை அநீதி என்று குமுறுகின்றனர். அறவியல் நோக்கில் அவர்கள் கூற்று வலுவுடையதே. குற்றமற்றவனைத் தண்டித்தல் எந்நீதிநூலுக்கும் ஏற்புடையதன்று. ஆயின் உண்மைப் பந்தயத்திலே மோதல் யாருடைய நியாயத்தையும் கேட்பதில்லை. தவறு செய்யாதவனின் எலும்பும் முறியும். ஆகவே ஒவ்வொருவனும் பிறர் செய்யக்கூடிய தவறுக்கும் இடம்விட்டு ஓட்டக் கற்கின்றான். இக்கணக்கேடு நீதியைப் போலச் செய்யவில்லை. ஆபத்தைப் போலச் செய்கின்றது. சிமியுலேற்றர் தன் பொய்களுள் மிகப் பெரியதை அறிந்து, அதனை ஈடுசெய்ய முயன்ற இடம் இதுவே என்பதால், ரயரின் கணிதத்தினும் இதனையே அதன் பெருஞ்சாதனையாகக் கொள்ளத் தோன்றுகின்றது.

பிளேட்டோவின் குதிரையேறுபவனிடம் மீள்வதாயின், அவர் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்துவிட்டது. பதின்ம வயதில் வீட்டுக் கணினியிலே ‘ஐறேசிங்’ ஆடித் தொடங்கிய வில்லியம் பைறன், பின்னர் உண்மைக் காரிலேறி 2024, 2025 ஆம் ஆண்டுகளில் டெய்டோனா 500 பந்தயத்தை அடுத்தடுத்து வென்றார். போலியைப் பயன்படுத்தியவனிடம் அறிவு பிறந்திருக்கின்றது. ஆயினும் அவ்வறிவு அவனுக்குப் போதுமானதா என்பதைத் தீர்மானித்தது திரையன்று, உண்மையான தார்ச்சாலையே.

1966 யூன் மாதம் ஸ்பாவில், முதற் சுற்றிலேயே மழையிற் சறுக்கி விழுந்த ஜக்கி ஸ்டூவர்ட், உடைந்த காருள் எரிபொருளில் நனைந்தவராய் ஏறத்தாழ 25 நிமிடம் சிக்கிக்கிடந்தார். சக சாரதிகளான கிரஹம் ஹில்லும் பொப் பொண்டுறன்றும் பார்வையாளர் ஒருவரிடம் கருவி இரவல் வாங்கிச் சுக்கானைக் கழற்றி அவரை மீட்டனர். பந்தயப் பாதுகாப்புக்கான அவரது நெடும் போராட்டம் அதிலிருந்து தொடங்கிற்று. அடுத்த ஆண்டு அதே பாதையில் அவர் இரண்டாவதாக வந்தார். 14 கிலோமீற்றர் நீளமான அப்பாதையில் 1970 உடன் போர்மியூலா வண் பந்தயங்கள் நின்றன. 1979 இல் அது ஏழு கிலோமீற்றராகக் குறுக்கப்பட்டது. எஞ்சிய சாலைகளிலே இன்று பொதுமக்கள் வாகனங்கள் செல்கின்றன. 1967 இல் இருந்தபடி, வீடுகளும் கம்பங்களும் ஓரத்தில் நிற்க, அப்பாதையை முழுவேகத்தில் ஓட்ட விரும்புவோர்க்குக் கணினியே எஞ்சியுள்ளது.